கடுங்காப்பி

தனுஷ்கோடிக்கு அறுபது வயதாகப் போகிறது என்பதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. முடி கொட்டிய வருத்தம் நாற்பதுக்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டது. சர்க்கரை வந்த வருத்தம் ஐம்பதில் தீர்ந்தது. அறுபதாம் கல்யாணம் என்று ஒன்று வருகிறதே, அதுதான் மனிதரைத் தூங்கவிடாமல் பாடாய்ப் படுத்தியது.

அறுபதாம் கல்யாணம் என்றால் மறுபடி மணவறை, மறுபடி மாலை, மறுபடி தாலி. தாலி என்றால் மூன்று முடிச்சு. அவர்கள் வீட்டு வழக்கப்படி முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். அடுத்த இரண்டும் மாப்பிள்ளையின் உடன்பிறந்தாள் போடுகிற நாத்தனார் முடிச்சு. தனுஷ்கோடிக்கு அக்கா ஒருத்தி, தங்கச்சி ஒருத்தி. ஆளுக்கொன்று போட்டால் தீர்ந்ததே என்று நினைப்பீர்கள். அவருடைய அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். அவருடைய முதல் கல்யாணத்தன்று, அதாவது இதே மனைவியோடு நடந்த முதல் கல்யாணத்தன்று, "ரெண்டாவது பெரியவ, மூணாவது சின்னவ" என்று பிரித்துக் கொடுத்தாள். அன்றைக்குப் பிடித்தது சனி.

அக்கா சந்திரமதி சொல்வது இது: "கெட்டிமேளம் கொட்டுற நேரத்துல அவ கண்ணாடி முன்னாடி பூ வச்சுக்கிட்டு நின்னா. ஆளையே காணோம். நல்ல நேரம் போயிருமேன்னு ரெண்டையும் நானே போட்டேன்."

தங்கச்சி செண்பகம் சொல்வது இது: "நான் ஓடி வந்துட்டேன். மூணாவது நான்தான் போட்டேன். அக்கா கையை எடுக்காம அப்படியே வச்சுக்கிட்டு, ரெண்டும் அவ போட்ட மாதிரி போட்டோவுக்கு நின்னா."

முதலில் இது கேலியாக இருந்தது, பிறகு சண்டையானது, அதற்கப்புறம் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. ஒருத்தி வருகிற விசேஷத்துக்கு இன்னொருத்தி வரமாட்டாள். அம்மா செத்த வீட்டில்கூட ஒருத்தி தலைமாட்டில் உட்கார்ந்து அழுதால் மற்றவள் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதாள். இப்போது அறுபதாம் கல்யாணத்துக்குத் தேதி குறித்த மறுநாளே இரண்டு போன்களும் வந்துவிட்டன. அவள் மணவறையில் ஏறினால் நான் மண்டபத்துக்குள் காலெடுத்து வைக்கமாட்டேன் என்று இருவரும் ஒரே வார்த்தையில் சொன்னார்கள். அதிலாவது ஒற்றுமை இருந்தது.

அம்மா அப்பா போன பிறகு தனுஷ்கோடியை "டேய்" என்று கூப்பிட உலகத்தில் மீதி இருப்பது அந்த அக்கா ஒருத்திதான். கேட்காமல் கொள்ளாமல் அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவிக்கொண்டு போகிற உரிமை அந்தத் தங்கச்சி ஒருத்திக்குத்தான். இருவரில் ஒருத்தி இல்லாவிட்டாலும் அந்த மணவறையில் தனக்கு வேலை இல்லை என்று அவருக்குத் தோன்றியது. மனைவியிடம் சொன்னார்.

"அப்ப விட்டுருங்க," என்றாள் வடிவு, கீரை ஆய்ந்தபடியே. வடிவு எதற்குமே அவ்வளவுதான் சொல்வாள்.

"எப்படிடி விடுறது? யாரு போட்டான்னு தெரிஞ்சுட்டா சண்டையே இல்ல. கல்யாண வீடியோ இருக்குல்ல?"

வடிவின் கை கீரையிலேயே நின்றது. "அதுதான் கீறிப் போச்சே," என்றாள்.

கீறித்தான் போயிருந்தது. அந்தக் காலத்து வீடியோ சிடி, மூன்று பாகம். முதல் பாகத்தில் மாப்பிள்ளை முகமும் பெண் முகமும் ரோஜாப்பூவுக்குள் சுற்றிச் சுற்றி வரும்; பிறகு இருவரும் பனிமலை மேல் பறப்பார்கள். பனிமலையை இருவருமே இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. இரண்டாம் பாகம்தான் முகூர்த்தம். அது இரண்டு இடத்தில் சிக்கும். காலைப் பந்தியில் சித்தப்பா கேசரிக்கு வாயைத் திறக்கிற இடம் ஒன்று. திறந்த வாயோடு கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுவார். இன்னொன்று, தனுஷ்கோடி தாலியோடு குனிகிற இடம். குனிவார், மேளம் இழுபடும், படம் நிற்கும். மறுபடி ஓடும்போது அட்சதை விழுந்து முடிந்திருக்கும்.

மகன் சின்னப் பிள்ளையில் சிடியின் மேல் பொம்மைக் கார் ஓட்டியதால் வந்த கீறல் என்பது குடும்பத்தின் தீர்ப்பு. அதற்காக அவன் முதுகில் இரண்டு வாங்கியதும் உண்டு. அவன் இப்போது ஓசூரில் நிஜக் கார் ஓட்டுகிறான். சிடிக்குப் பற்பசை தடவிப் பார்த்தார்கள், வாழைப்பழத் தோலைத் தேய்த்துப் பார்த்தார்கள். சித்தப்பா வாயை மூடவில்லை.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெபமலர் என்பவள் வைத்திருக்கும் கடையைப் பற்றி ஊரே பேசியது. சிடி என்றால் என்னவென்று பிள்ளைகள் கேட்கிற காலத்தில், பழைய சிடியிலிருக்கும் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பதற்கென்றே ஒரு கடை. வாசலில் பலகை: "இங்கு பால் காப்பியும் கடுங்காப்பியும் போடப்படும்." பலகையை நம்பிப் பிளாஸ்க்கோடு வந்து திட்டிவிட்டுப் போனவர்கள் பலர்.

"வாங்க அண்ணாச்சி. பால் காப்பியா, கடுங்காப்பியா?" என்றாள் ஜெபமலர். நாற்பதைத் தாண்டியவள், மூக்கு நுனியில் கண்ணாடி.

"பால் காப்பிதாம்மா. கடுங்காப்பி நான் வாயில வைக்கமாட்டேன். சர்க்கரை மட்டும் வேண்டாம்," என்றார் தனுஷ்கோடி, கையில் சிடியோடு.

ஜெபமலர் சிரித்து முடிக்கச் சற்று நேரமானது. "குடிக்கிறது பக்கத்துக் கடையில அண்ணாச்சி. இங்க கடுங்காப்பின்னா, சிடியில உள்ளதை உள்ளபடி காப்பி எடுத்துக் கம்ப்யூட்டர்ல போடுறது. கீறல் இருந்தா கீறலும் சேர்ந்து வரும். பால் காப்பின்னா நிரப்பி."

"நிரப்பியா?"

"இந்தா, இந்த மெஷினுக்குப் பேரு. கீறல்ல போன இடத்தை அதுவே வரைஞ்சு நிரப்பிரும். மேளச் சத்தம் முதக்கொண்டு போட்டுரும். எங்க ஒட்டுன்னு உங்களால கண்டே பிடிக்க முடியாது."

"போன இடத்துல என்ன இருந்துச்சுன்னு அதுக்கு எப்படிம்மா தெரியும்?"

"லட்சக்கணக்குல கல்யாணம் பாத்த மெஷினு அண்ணாச்சி. முன்னாடி என்ன, பின்னாடி என்னன்னு பாத்து, நடுவுல என்ன நடந்திருக்கும்னு சொல்லிரும்."

"நடந்திருக்கும்னா? நடந்துச்சா?"

"எல்லாரும் பால் காப்பிதான் கேக்காக," என்றாள் ஜெபமலர். அது பதில் இல்லை என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

மணவறையில் நின்றவர்களின் பழைய போட்டோக்கள் இருந்தால் முகம் தெளிவாக வரும் என்றாள். தனுஷ்கோடி அக்காவுக்குப் போன் போட்டார். சந்திரமதி விஷயத்தைக் கேட்டதும் அலமாரியையே கவிழ்த்துவிட்டாள் போல; படம் படமாக வந்து விழுந்தது. எல்லாவற்றிலும் சந்திரமதி. பட்டுப் புடவையில், காட்டன் புடவையில், கொடைக்கானலில், ஆட்டுக்கல் பக்கத்தில்.

சாயங்காலமே பால் காப்பி தயார். தனுஷ்கோடி குனிகிறார், முதல் முடிச்சு. சந்திரமதி வருகிறாள், இரண்டாவது. சந்திரமதியே சிரித்துக்கொண்டு மூன்றாவது. சித்தப்பாகூட வாயை மூடிக் கேசரியை மென்று விழுங்கிவிட்டார். தனுஷ்கோடிக்குப் புல்லரித்தது. ஆர்வக் கோளாறில் அதை அக்காவுக்கு அனுப்பிவிட்டார்.

அக்கா அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். கூடவே ஒரு வரியும் போட்டாள்: "உண்மை ஒருநாள் வெளியே வரும்." காலை வணக்கமும் பூங்கொத்தும் மட்டுமே வந்துகொண்டிருந்த குழு அது. பற்றிக்கொண்டது.

செண்பகம் சாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அண்ணன் வீட்டுப் பக்கம் வரவில்லை. நேராக ஜெபமலர் கடைக்குப் போனாள், ஒரு பை நிறையத் தன் ஆல்பங்களோடு. சிடியிலிருந்து ஏற்றிய படம் கடைக் கம்ப்யூட்டரிலேயே இருந்ததால், மத்தியானம் குழுவில் இரண்டாவது பால் காப்பி வந்தது. அதே கல்யாணம், அதே மேளம். மூன்றாவது முடிச்சைச் செண்பகம் போட்டாள். போட்டுவிட்டுக் கேமராவைப் பார்த்து லேசாகத் தலையை வேறு ஆட்டினாள்.

ராத்திரிக்குள் குழு இரண்டாகப் பிளந்தது. மாமன் மச்சான் எல்லாம் அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதி. "உன் விசேஷத்துக்கு இனி நான் எதுக்கு, பொய் வீடியோ எடுக்கிறவளை வச்சு நடத்து" என்று அக்காவும் தங்கச்சியும் தனித்தனியே போனில் அழுதார்கள். ஒரே நாளில் இரண்டு பேரும் கைவிட்டுப் போனார்கள். தனுஷ்கோடி சாப்பிடாமல் படுத்தார்.

மறுநாள் காலையில் அவர் கடைக்குள் நுழைந்தபோது சண்டை போடுகிற முகத்தோடுதான் நுழைந்தார். உள்ளே ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அப்பா வந்திருக்காரு அண்ணே," என்றாள், முன்பின் தெரியாத அவரிடம். "காதல் கல்யாணம்னு என் கல்யாணத்துக்கு வரவே இல்லைன்னு நினைச்சு இம்புட்டு வருஷமா அவரைத் திட்டிக்கிட்டு இருந்தேன். ஓரமா வந்து நின்னுருக்காரு. பாருங்க, என்னையவே பாத்துக்கிட்டு." திரையில் ஒரு பெரியவர் பந்தல்காலைப் பிடித்தபடி நின்றார். அந்தப் பெண் ஜெபமலரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

அவள் தெருமுனை திரும்பும்வரை ஜெபமலர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவுக அப்பா வரல அண்ணாச்சி," என்றாள். "பந்தல்ல பாதி கீறல்ல போயிருந்துச்சு. பொண்ணு பக்கத்துல அப்பா நிக்கிறதுதான வழக்கம்? ஆல்பத்துல இருந்த அவரை எடுத்து நிரப்பி நிப்பாட்டிருச்சு."

"நீ சொல்லலையா?"

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவ அழுதாளே, பாத்தீகள்ல?"

தனுஷ்கோடிக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு, "எங்க வீட்டுல ரெண்டு உண்மை வந்திருக்கு, தெரியுமா?" என்றார்.

"தெரியும். உங்க அக்கா போட்டோ நிறையக் குடுத்தா அக்காவைப் போடும். தங்கச்சி போட்டோ நிறைய இருந்தா தங்கச்சி. மெஷினுக்கு உண்மையெல்லாம் தெரியாது அண்ணாச்சி, வழக்கம்தான் தெரியும். மூணாவது முடிச்சு நாத்தனார் போடணும். எந்த நாத்தனார்னா அதுக்கென்ன?"

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா, தாயே?"

"பலகையில எழுதித்தான் வச்சிருக்கேன். எல்லாரும் பால் காப்பிதான் கேக்காக," என்றாள் ஜெபமலர், இந்த முறை கொஞ்சம் வெட்கத்தோடு. "குடுங்க சிடியை. கடுங்காப்பி போட்டுப் பாப்போம்."

சிடியை ஷாம்பூ தண்ணீரில் அலசி, பழைய பனியன் துணியால் நடுவிலிருந்து ஓரம் பார்க்கத் துடைத்தாள். சுற்றிச் சுற்றித் துடைத்தால் இன்னும் கீறுமாம். மேசைக்கு அடியிலிருந்து செங்கல் கனத்தில் ஒரு பழைய டிரைவை எடுத்தாள். சிடி உள்ளே போனதும் அது இருமியது, முனகியது. திரையில் காப்பியாகும் பட்டை நகர்ந்தது, கீறல் வந்ததும் நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. தனுஷ்கோடி நகத்தைக் கடித்தார். ஜெபமலர் அதை அதட்டவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை; படிக்க முடியாத இடத்தையே திரும்பத் திரும்பப் படிக்க விட்டாள்.

"ஒரே ஒரு படம் உருப்படியா வந்திருக்கு. மத்தது எல்லாம் போச்சு," என்றாள் கடைசியில். "ஆனா இது நிரப்பிக்கும் கிடைச்சிருக்கே. ஏன் தூக்கிப் போட்டுச்சு?"

நிரப்பி தான் செய்த வேலைக்கெல்லாம் குறிப்பு எழுதி வைக்கும். அந்தப் படத்துக்கு நேராக எழுதியிருந்தது: "பிழை. அதிகப்படியான கை. நீக்கப்பட்டது."

ஜெபமலர் படத்தைப் பெரிதாக்கினாள். வடிவின் பின்னங்கழுத்து. மாலைக்கு மேலே மஞ்சள் கயிறு. இடப்பக்கமிருந்து தங்க வளையல் போட்ட ஒரு கை கயிற்றின் ஒரு நுனியை இழுக்கிறது. அந்தப் பாம்பு வளையல் அக்காவுடையது, இன்னும் போட்டிருக்கிறாள். வலப்பக்கமிருந்து இன்னொரு கை அடுத்த நுனியை இழுக்கிறது. கல் வளையல், செண்பகம். இரண்டுக்கும் நடுவில், கீழேயிருந்து ஒரு கை எழும்பி, கயிற்றைப் பிடித்து மடக்கியிருந்தது. மருதாணி, பச்சைக் கண்ணாடி வளையல். மணிக்கட்டில் மஞ்சள் துண்டோடு காப்புக் கயிறு.

அந்த மண்டபத்திலேயே காப்புக் கட்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் தனுஷ்கோடி. அவருக்கு மருதாணி வைக்கவில்லை.

"அண்ணாச்சி," என்றாள் ஜெபமலர் மெதுவாக, "இது பொண்ணு கையில்ல?"

தனுஷ்கோடி வீட்டுக்கு வந்தபோது வடிவு துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேராகவே கேட்டார்.

"வடிவு, மூணாவது முடிச்சு யாரு போட்டா?"

வடிவு ஒரு துண்டை உதறி, நாலாக மடித்து, அடுக்கின்மேல் வைத்தாள். "இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சாக்கும்?"

அவர் ஒரு துண்டை எடுத்து மடிக்கப் பார்த்தார்; வடிவு அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"உங்க அக்காவைக் கேட்டீங்க. தங்கச்சியைக் கேட்டீங்க. செத்துப்போன சித்தப்பா வரைக்கும் கேட்டீங்க. கடைசியில ஒரு மெஷினைப் போய்க் கேட்டீங்க. முடிச்சு விழுந்தது என் கழுத்துல. என்னைய ஒரு ஆளு கேக்கலையே!"

தனுஷ்கோடிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் பக்கத்திலேயே படுத்து எழுந்திருக்கிறார். ஒருநாள்கூடத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது அவருக்கு, நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"சொல்லு," என்றார்.

"என்னத்தைச் சொல்ல? ரெண்டாவது உங்க அக்கா போட்டாங்க. மூணாவதுக்கு ஆளுக்கொரு நுனியைப் பிடிச்சு ரெண்டு பேரும் இழுக்காங்க. 'விடுடி', 'நீ விடு'ன்னு காதுக்குப் பின்னாடியே சண்டை. கயிறு கழுத்தை அறுக்குது. போட்ட ரெண்டு முடிச்சும் நழுவுது. தாலி மடியில விழுந்துருமோன்னு பயமாப் போச்சு. மாலைக்கு அடியில கையைக் கொண்டுபோயி ரெண்டு நுனியையும் பிடுங்கி நானே முடிஞ்சுட்டேன். இவங்க ரெண்டு பேரும் அவ போட்டுட்டான்னு நினைச்சாங்களோ, தானே போட்டோம்னு நினைச்சாங்களோ, கையை எடுத்துட்டாங்க. எல்லாரும் அட்சதை போட்டாச்சு."

"ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?"

"பொண்ணு தனக்குத் தானே தாலி முடிஞ்சுக்கிட்டான்னு தெரிஞ்சா உங்க அம்மா என்னைய வீட்டுக்குள்ள விட்டிருப்பாங்களா? நல்லது கெட்டது எது நடந்தாலும் அந்த முடிச்சால தான்னு பேச்சு வந்திருக்கும். பிளேயர் இல்லாம அந்தச் சிடி சும்மாதான் கிடந்துச்சு. பய சின்னப் பிள்ளையா இருக்கையில நீங்க பிளேயர் வாங்கினன்னைக்கு, எல்லாரும் ஞாயித்துக்கிழமை உக்காந்து பாக்கலாம்னு சொன்னீங்க. நான் முதநாளே தனியாப் போட்டுப் பாத்தேன். என் கை பளிச்சுன்னு தெரியுது." வடிவு கழுத்துச் செயினை இழுத்துக் காட்டினாள். தாலியோடு ஒரு ஊக்கு தொங்கியது. "இதை வச்சுத்தான் கீறினேன். எந்த இடம்னு தெரியல. முதல்ல கீறினதுல உங்க சித்தப்பா மூஞ்சி போயிருச்சு. அப்புறம் தள்ளிக் கீறினேன்."

தனுஷ்கோடி அவளையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"பயலுக்குத்தான் அநியாயமா அடி விழுந்துச்சு," என்றாள் வடிவு. "அதுக்குத்தான் அவனுக்கு இன்னும் மாசாமாசம் அதிரசம் சுட்டு அனுப்புறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு பித்தலாட்டம் செய்தார். அக்காவிடம் தங்கச்சி வரமாட்டாள் என்றும், தங்கச்சியிடம் அக்கா வரமாட்டாள் என்றும் சொல்லி இருவரையும் ஒரே நேரத்துக்கு வரவழைத்தார். வாசலில் முகத்தோடு முகம் முட்டிக்கொண்டதும் இருவரும் திரும்பிப் போகப் பார்த்தார்கள். அவர் இருவரையும் உள்ளே இழுத்து உட்காரவைத்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அந்த ஒற்றைப் படத்தைச் சுவர் டிவியில் பெரிதாகப் போட்டார்.

சந்திரமதி எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்த் தன் பாம்பு வளையலைத் தொட்டுப் பார்த்தாள். செண்பகம் தன் கல் வளையலைப் பார்த்தாள். பிறகு இருவர் பார்வையும் நடுவில் இருந்த காப்புக் கயிற்றுக்கு வந்தது.

"அடிப்பாவி!" என்றாள் சந்திரமதி.

"மதினி! நீங்களா?" என்றாள் செண்பகம்.

"இத்தனை வருஷமா வாயில என்னத்தை வச்சிருந்த? கொழுக்கட்டையா?"

"நல்லாக் கேளுக்கா! அம்மா சாவுல நாம ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில அழுதோமே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"ஊமையா இருந்தே ஊரைக் கவுத்துட்டாளேடி செண்பகம்!"

இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு வடிவை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். ஒருத்தி மூச்சு வாங்க நிறுத்தினால் மற்றவள் விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டாள். வடிவு பாட்டுக்குக் காப்பி கலந்து கொடுத்தாள். தனுஷ்கோடி ஓரமாக உட்கார்ந்து, அக்கா தங்கச்சி ஒரே சோபாவில் தொடையோடு தொடை இடித்தபடி தன் பெண்டாட்டியைத் திட்டுகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வந்தது. செண்பகம் போகும்போது அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவிக்கொண்டு போனாள்.

அறுபதாம் கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. தனுஷ்கோடி முதல் முடிச்சைப் போட்டார். சந்திரமதி இரண்டாவதைப் போட்டாள். மூன்றாவதுக்கு, "நீ போடுடி" என்றாள் அக்கா. "நீயே போடுக்கா" என்றாள் தங்கச்சி. இழுப்பதற்குப் பதில் இப்போது இருவரும் நுனியை அடுத்தவளிடம் தள்ளினார்கள். இதுவும் முடிகிற கதையாகத் தெரியவில்லை. கடைசியில் சந்திரமதி வடிவின் மாலையைத் தூக்கிப் பிடித்தாள், செண்பகம் பின்னலை ஒதுக்கினாள். "போடு தாயி. உன் முடிச்சு உனக்கு," என்றாள் அக்கா. ஊரே பார்க்க வடிவு இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் முடிந்தாள். சிலர் கைதட்டினார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். மேளக்காரர் மட்டும் எதையும் கவனிக்காமல் வாசித்தார்.

அடுத்த வாரம் வீடியோ வந்தது. பளபளவென்று இருந்தது. தனுஷ்கோடி குனிந்தார், அக்கா இரண்டாவது போட்டாள், தங்கச்சி மூன்றாவது போட்டாள். வடிவு இரண்டு கையையும் மடியில் வைத்துத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

தனுஷ்கோடி திரும்பப் போட்டுப் பார்த்தார். மறுபடியும் அதேதான். வீடியோக்காரருக்குப் போன் போட்டார்.

"ஆமா சார், ஒரு கை தப்பா விழுந்திருந்துச்சு. அதிகப்படியான கைன்னு கேமராவே எடுத்துருச்சு. இப்ப கேமராவுக்குள்ளயே நிரப்பி வருதுல்ல."

"புது வீடியோய்யா! கீறலே இல்லையே, எதுக்கு நிரப்புச்சு?"

"கீறல் விழுறதுக்கு முன்னாடியே நிரப்பிரும் சார். அதான் இதுல விசேஷம்."

"உள்ளபடி எடுத்தது இருக்கா?"

"அதை யாரு சார் வச்சிருப்பா?"

போனை வைத்ததும் அக்காவின் போன். "டேய், வீடியோ பாத்தியா? என்ன அழகா விழுந்திருக்கு! ரெண்டாவது நான், மூணாவது அவ. அம்மா சொன்ன மாதிரியே. எனக்கென்னமோ அன்னைக்கும் இப்படித்தான் நடந்திருக்குமோன்னு தோணுதுடா. அந்தக் கிழிஞ்ச சிடியை எப்படி நம்புறது?" குரலில் அவ்வளவு சந்தோஷம்.

வடிவும் வீடியோவைப் பார்த்தாள். தன் மடியிலிருந்த கைகளைப் பார்த்தாள். "அப்ப விட்டுருங்க," என்றாள், வழக்கம்போல. ஆனால் எழுந்து அடுக்களைக்குப் போகும்போது பின்னங்கழுத்தைத் தடவிக்கொண்டு போனாள். அதை அவர் பார்த்துவிட்டார்.

இந்த முறை அவர் விடுவதாக இல்லை. ஜெபமலர் கடைக்குப் போய், அந்த வீடியோவை ஒரு பழைய காலத்துச் சிடியில் எழுதித் தரச் சொன்னார். கம்ப்யூட்டரிலிருந்து சிடிக்குத் திரும்பப் போகிற முதல் ஆள் நீங்கதான் அண்ணாச்சி என்று சொல்லி, அவள் ஒரு பழைய பிளேயரையும் கூடவே கொடுத்தாள். என்னத்துக்கு என்று கேட்டாள். அவர் சொன்னதும் காசு வாங்க மறுத்துவிட்டாள்.

வீட்டில் வடிவு குளிக்கப் போயிருந்தாள். தாலிச் செயினிலிருந்து கழற்றிய ஊக்கு ஜன்னலில் இருந்தது. தனுஷ்கோடி அதை எடுத்து, சிடியைப் பழைய காலண்டர் அட்டைமேல் கவிழ்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கோடு இழுத்தார். போட்டுப் பார்த்தார். மணவறையில் அவர் முகம் கட்டம் கட்டமாக உடைந்து போயிருந்தது. முடிச்சு மட்டும் நன்றாக ஓடியது. "போகட்டும்," என்று கொஞ்சம் தள்ளி இன்னொரு கோடு இழுத்தார். மறுபடி போட்டார்.

அக்கா இரண்டாவது முடிச்சைப் போட்டாள். மேளம் இழுபட்டது. படம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அட்சதை விழுந்தது.

ஈரத் தலையோடு வடிவு வாசற்படியில் நின்றிருந்தாள். டிவியைப் பார்த்தாள், அவர் கையிலிருந்த ஊக்கைப் பார்த்தாள். வந்து ஊக்கை வாங்கிச் செயினில் மாட்டிக்கொண்டாள்.

"காப்பி போடவா?" என்றாள்.

"போடு," என்றார் தனுஷ்கோடி. "கடுங்காப்பி."